கல்லானை: காணி மக்கள் சொல்வதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது?

பொதிகைச்சாரல் (அம்பாசமுத்திரம்) எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு விஷயத்தை இங்கே வைக்கிறேன்.

அகத்தியமலையின் கேரளச் சரிவில், பேப்பாறை சரணாலயத்தை ஒட்டி வாழும் காணி மக்கள், அந்தக் காட்டில் இரண்டு வகை யானை உண்டு என்கிறார்கள். ஒன்று நமக்குத் தெரிந்த யானை. இன்னொன்று கல்லானை. முழுசாக வளர்ந்தாலும் ஐந்தடிக்கு மேல் போகாது, பாறையில் சரசரவென்று ஏறும், பெரிய யானைகளோடு சேராது என்பது அவர்கள் தரும் விவரம். 2005-இல் சாலி பாலோடு என்ற வனவிலங்குப் புகைப்படக்காரர் காணி வழிகாட்டியோடு போய் அப்படி ஒரு யானையைப் படமெடுத்து வெளியிட்டார். 2010-இல் இன்னொரு படம் வந்தது. யானை ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. வளரும் பருவத்து யானையாக இருக்கலாம், அல்லது வளர்ச்சி குன்றிய ஒற்றை யானையாக இருக்கலாம் என்றார்கள். பேச்சு அதோடு நிற்கிறது.

எனக்கு இரண்டு தரப்பின் மேலும் வருத்தம். ஒரு தரப்பு பின்னணியில் திகில் இசை போட்டு 'மர்ம யானை' என்று வீடியோ போடுகிறது. இன்னொரு தரப்பு 'மலைவாசிகள் சொல்லும் கதை' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறது. இதே காணி மக்கள்தான் 1987-இல் ஆய்வுக்கு வந்த விஞ்ஞானிகளுக்கு ஆரோக்கியப்பச்சையைக் காட்டியவர்கள். மலையேறி விஞ்ஞானிகள் களைத்துப்போக, கூட வந்த காணிகள் ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டு சோர்வே இல்லாமல் நடந்தார்கள். பிறகு அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தே வந்தது. மரப்பொந்தில் தேங்கும் தண்ணீரில் நீண்ட கால்களோடு ஒரு நண்டு வாழ்கிறது என்று சொன்னதும் அவர்கள்தான். 2017-இல் கேரளப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சிங்கப்பூர் நண்டு நிபுணர் ஒருவரும் சேர்ந்து அதைப் புதிய பேரினமாகவே, அதாவது இனத்துக்கு மேலே வரும் தனிப் பிரிவாகவே அறிவித்து, 'காணி மரஞண்டு' என்று அந்த மக்கள் பெயரையே வைத்தார்கள்.

செடியிலும் நண்டிலும் சரியாகச் சொன்னவர்கள் யானையில் மட்டும் தப்பாகச் சொல்வார்களா? அப்படியே நம்பச் சொல்லவில்லை. எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது, எப்படிச் சரிபார்ப்பது என்று பேசலாமே.

மதுரைக் கூகை எழுதியது:

நண்பரே, நல்ல இழை. ஆனால் நான் எதிர்ப்பக்கம் நின்றுதான் பேசப் போகிறேன்.

நம் பத்திரிகைகளில் 'மர்ம விலங்கு கடித்து ஆடுகள் பலி' என்று செய்தி வராத வருஷம் உண்டா? ஊரே இரவெல்லாம் கம்போடு காவல் இருக்கும். கடைசியில் வனத்துறை வந்து கால்தடத்தைப் பார்த்தால் பெரும்பாலும் தெருநாய்க் கூட்டம், சில இடங்களில் சிறுத்தை. விசாகப்பட்டினத்தில் ஒரு கட்டடத்தில் 'வேற்றுக்கிரகவாசிகள்' என்று ஒரு வீடியோ பரவியதே, அவை கூகைக் குஞ்சுகள். இறகு முளைக்காத கூகைக் குஞ்சை முன்பின் பார்க்காதவர் மிரளுவது நியாயம்தான். 1995-இல் புவர்ட்டோ ரிக்கோவில் ஆட்டு ரத்தம் குடிக்கும் 'சுபகாப்ரா' என்று கிளம்பியது. பின்னால் டெக்சாஸில் அந்தப் பெயரில் கிடைத்த உடல்கள் பெரும்பாலும் சொறி பிடித்து முடி கொட்டிப்போன கொயோட்டிகள், ஓநாய்க்குச் சொந்தமான விலங்குகள்.

எட்டி என்னும் பனிமனிதனுக்கு வாருங்கள். 2019-இல் நம் ராணுவமே நேபாளத்தின் மகாலு மலை அடிவார முகாம் பக்கம் எட்டியின் கால்தடம் என்று ட்விட்டரில் படம் போட்டது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2017-இலேயே, சார்லட் லிண்ட்குவிஸ்ட் குழு எட்டியுடையவை என்று பாதுகாக்கப்பட்டு வந்த எலும்பு, பல், தோல், முடி என ஒன்பது மாதிரிகளில் மரபணு பார்த்துவிட்டது. எட்டு கரடி, ஒன்று நாய். 'நெஸ்ஸி' என்ற பெரிய விலங்கு வாழ்வதாகச் சொல்லப்படும் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியில் 2018-இல் நீல் கெம்மெல் குழு ஏரித் தண்ணீரை மொண்டு அதில் கரைந்திருக்கும் மரபணுவைத் தேடியது. ஊர்வனவற்றின் தடமே இல்லை, விலாங்கு மீனுடையது ஏராளம். உலகப் புகழ்பெற்ற 1934-ஆம் வருஷத்து நெஸ்ஸி படம் பொம்மை நீர்மூழ்கியின் மேல் தலை ஒட்டி எடுத்தது என்பது 1994-இல் வெளிவந்தது.

மரப்பொந்து நண்டு உள்ளங்கையில் அடங்கும். யாரும் பார்க்காமல் இருந்திருக்கலாம். ஐந்தடி யானைக் கூட்டம் எங்கே ஒளியும்?

தடயம் (வால்பாறை) எழுதியது:

கூகை சார், நீங்கள் சொன்ன உதாரணங்கள் எல்லாம் சரி. ஆனால் 'பெரிய விலங்கு ஒளிய முடியாது' என்ற இடத்தில் மாறுபடுகிறேன்.

1992 மே மாதம். வியட்நாமில் லாவோஸ் எல்லையை ஒட்டிய வூ குவாங் காட்டில் அந்நாட்டு வனத்துறை அமைச்சகமும் உலக வனவிலங்கு நிதியமும் சேர்ந்து கணக்கெடுப்பு நடத்துகின்றன. ஜான் மெக்கின்னன் குழுவில் இருக்கிறார். காட்டுக்குள் பெரிதாக எதுவும் சிக்கவில்லை. ஊருக்குள் வந்து வேட்டைக்காரர்கள் வீட்டில் பார்த்தால், சுவரில் மாட்டியிருக்கும் கொம்புகளில் ஒரு ஜோடி எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. நீளமாக, நேராக, கிட்டத்தட்ட இணையாகப் பின்னோக்கிப் போகிற கொம்பு. அதே மாதிரி மூன்று ஜோடி கிடைத்தன. 1993-இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார்கள். அதுதான் சாவோலா. எடை 80 முதல் 100 கிலோ. மாட்டுக் குடும்பத்து விலங்கு, ஆனால் தனிப் பேரினம். அந்த ஊர் வேட்டைக்காரர்களுக்கு அது மர்மமே இல்லை. அவர்களுக்குப் பழகிப்போன ஒரு விலங்கு.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். இன்றுவரை எந்த உயிரியலாளரும் சாவோலாவைக் காட்டில் நேரில் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. ஊர்க்காரர்கள் உயிரோடு பிடித்துக் கொண்டுவந்த சில, கொஞ்ச நாளிலேயே இறந்துபோயின. தானியங்கிக் கேமராவில் கடைசியாகப் பதிவானது 2013 செப்டம்பரில். 80 கிலோ விலங்கு, இத்தனை கேமரா, இத்தனை தேடல். ஈரமான மலைக்காட்டில் எண்ணிக்கை குறைந்த ஒரு விலங்கு கண்ணில் படாமலே இருந்துவிட முடியும்.

ஆக, உருவ அளவை வைத்து முடிவுகட்ட வேண்டாம். யார் பார்த்தார்கள், எங்கே, எத்தனை தலைமுறையாக, கையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம். இரவில் ஆடு செத்ததைப் பார்த்துப் பயந்த ஊரும், தினமும் அந்தக் காட்டில் தேன் எடுக்கிற ஆளும் ஒரே வகைச் சாட்சி கிடையாது.

விலங்கியல் மாணவி எழுதியது:

அண்ணா, ஒரு சந்தேகம். புதிய இனம் என்று அறிவிக்க உடல் வேண்டும், அதை அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்று படித்திருக்கிறோம். அப்படியென்றால் புகைப்படம் எதற்கும் உதவாதா? கல்லானைக்கு ஏற்கெனவே படம் இருக்கிறதே.

தடயம் எழுதியது:

பொதுவாக உடல் வேண்டும்தான். ஒரு முழு உடலையோ பாகத்தையோ மாதிரியாக வைத்து, மற்ற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று விவரித்து வெளியிட வேண்டும். ஆனால் அரிய விலங்கைக் கொல்ல மனமில்லாமல் படத்தை ஆதாரமாக வைத்தே அறிவித்ததும் உண்டு. நம் அருணாச்சலக் குரங்கு, மக்காக்கா முன்சாலா, அப்படித்தான் 2005-இல் வந்தது. மைசூர் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் தவாங், மேற்கு காமெங் பக்கம் பார்த்தது. மோன்பா மக்களுக்கு அது காலங்காலமாகத் தெரிந்த குரங்கு, வயலில் இறங்கிப் பயிரைத் தின்பதால் அவர்களுக்குத் தொல்லையும்கூட. அதே 2005-இல் தான்சானியாவின் கிபுஞ்சி குரங்கும் படத்தை வைத்துத்தான் அறிவிக்கப்பட்டது. ருங்வே மலையில் வேட்டைக்காரர்கள் கூச்ச சுபாவமுள்ள ஒரு குரங்கைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுத் தேடிப் போனார்கள். பிறகு விவசாயி வைத்த பொறியில் சிக்கி ஒன்று இறந்தது. அந்த உடலை ஆராய்ந்த பிறகு, அடுத்த வருஷமே அதைத் தனிப் பேரினம் ஆக்கினார்கள். படத்தால் புதியது என்று சொல்ல முடிந்தது, என்ன சொந்தம் என்று சொல்ல உடல் தேவைப்பட்டது.

கல்லானைப் படத்தில் உள்ள சிக்கல் வேறு. குரங்கின் முகமும் வாலும் வேறு இனத்தோடு ஒப்பிடப் போதும். யானைப் படத்தில் கேள்வியே வயதுதான். ஐந்தடி உயரத்தில் நிற்கும் யானை சில வயதுக் குட்டியாகவும் இருக்கலாம்.

வன்னிக் குருவி (கிளிநொச்சி) எழுதியது:

வணக்கம் அண்ணை. இந்த இடத்தில் எங்கள் நாட்டு உதாரணம் ஒன்று கட்டாயம் வர வேணும்.

உடவளவை தேசியப் பூங்காவில் 2013-இல் ஒரு குள்ள ஆண் யானையைப் படம்பிடித்தார்கள். உயரம் ஐந்தடி அளவுதான். ஆனால் குட்டி இல்லை. தலையும் உடம்பும் வளர்ந்த யானையினது, கால்கள் மட்டும் கட்டை. தன்னைவிடப் பெரிய ஆண் யானையோடு சண்டை பிடித்தது, விட்டுக்கொடுக்கவே இல்லை. ஷெர்மின் டி சில்வாவின் குழு அந்தப் பூங்காவில் யானைகளை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்துப் பல வருஷமாகக் கவனித்து வருகிறது. அவர்கள் சொன்னது, இது மனிதரில் வருவதுபோன்ற ஒரு குள்ளத்தன்மை, காட்டில் ஆசிய யானைக்கு இப்படிப் பதிவானது அபூர்வம் என்று. தனி இனம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆகவே பேப்பாறையில் ஐந்தடி உயரமுள்ள வளர்ந்த யானை நிற்பது நடக்க முடியாத காரியம் இல்லை. அப்படி ஒன்று நின்றால் காணி மக்கள் பார்த்தது மெய். அதே நேரத்தில் அது தனி இனம் என்றும் ஆகாது. இரண்டையும் சேர்த்துக் குழப்புவதால்தான் சண்டை வருகிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேணும், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த கதை. 1995-இல் தீபால் வராக்காகொட என்ற பறவை ஆய்வாளர் கித்துல்கல காட்டில் இரவில் ஒரு குரலைக் கேட்டார். இலங்கையில் எந்தப் பறவைக்கும் அந்தக் குரல் இல்லை. குரலை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு வருஷம் தேடினார். 2001 ஜனவரியில் சிங்கராஜ காட்டில் கண்ணால் கண்டார், சிவந்த நிறத்தில் ஒரு சின்ன ஆந்தை. 2004-இல் பமேலா ராஸ்முசெனோடு சேர்ந்து புதிய இனமாக அறிவித்தார். 1868-க்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட முதல் புதிய பறவை அதுதான். சிங்கராஜவை மரம் வெட்டுவோரிடமிருந்து காக்கப் போராடிய திலோ ஹொஃப்மனின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

எங்கள் நாட்டில் உலமா என்றொரு பறவையைப் பற்றியும் கதைப்பார்கள். நடுச்சாமத்தில் பெண் அலறுவது போலக் குரல் கேட்கும், கேட்டால் சாவு வரும் என்று. அது பெரிய காட்டு ஆந்தை என்பதுதான் பலரின் முடிவு. ஒரே நாட்டில், ஒரே இருட்டில் கேட்ட இரண்டு குரல். ஒன்று புதிய இனத்தில் போய் முடிந்தது, மற்றது முன்பே பெயருள்ள பறவையில் போய் நின்றது.

மேகமலைத் தம்பி (சின்னமனூர்) எழுதியது:

எங்கள் மலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

1948-இல் ஆங்கஸ் ஹட்டன் மேகமலையில் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். சாதாரணமாகக் காணப்படும் குட்டை மூக்குப் பழ வௌவால் என்று பெயர்ச்சீட்டு எழுதி உள்ளே வைத்துவிட்டார்கள். 24 வருஷம் அப்படியே இருந்தது. 1972-இல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா அதே மாதிரியை எடுத்துப் பல் வரிசையைப் பார்த்தார். புதிய இனம் மட்டும் இல்லை, புதிய பேரினமே. சாலிம் அலி பெயரை வைத்தார். காட்டில் ஒளிந்திருந்ததைவிட அது அருங்காட்சியக அலமாரியில் ஒளிந்திருந்த காலம்தான் வேடிக்கையானது.

அப்புறம் நம் பக்கத்துப் பாதாளத் தவளை. 2003-இல் பிஜுவும் பிராங்கி போசுய்ட்டும் இடுக்கியிலிருந்து ஊதா நிறத்துத் தவளையை அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதன் நெருங்கிய சொந்தம் இந்தியப் பெருங்கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறது. வருஷம் முழுக்க மண்ணுக்குள் கறையான் தின்று வாழ்ந்து, மழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் வெளியே வந்து இனப்பெருக்கம் செய்யும். அந்தப் பகுதி மக்களுக்கு இது புதிது இல்லை, ஓடையில் பாறையை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டிருக்கும் அதன் தலைப்பிரட்டைகளைச் சமைத்தே சாப்பிட்டவர்கள். 2017-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்திலிருந்து இரண்டாவது இனமும் வந்தது. அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்த சாலிம் அலி மையத்து ஆய்வாளர் சு. பூபதியின் நினைவாக அதற்குப் பூபதி என்று பெயர். மலையின் கிழக்குச் சரிவில், நம் தமிழ்நாட்டில், இப்படி ஒரு தவளை கண்முன்னே இருந்திருக்கிறது.

மதுரைக் கூகை எழுதியது:

தம்பி சொன்ன அலமாரி விஷயத்துக்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. மலபார் புனுகுப்பூனை. 1862-இல் பிளைத் பெயர் வைத்தார், பழைய நூல்கள் மலபார் கடற்கரையில் சாதாரணமாகக் கிடைத்தது என்று எழுதின. பிறகு காணவில்லை. 1987-இல் மலப்புரம் மாவட்டத்தில் சில தோல்கள் கிடைத்தபோது திரும்பி வந்துவிட்டது என்று மகிழ்ந்தார்கள். எத்தனையோ தேடல், கேமரா, ஒரு படம்கூட இல்லை. 2010-இல் ஆர். நந்தினியும் திவ்யா முத்தப்பாவும் பழைய பதிவுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்தார்கள். புனுகுக்காக உயிரோடு கப்பலில் கொண்டுவரப்பட்ட தென்கிழக்காசியப் புனுகுப்பூனைகளாகவே இவை இருந்திருக்கலாம், இங்கே இயற்கையாக வாழ்ந்த இனமே இல்லாமல் இருக்கலாம் என்று எழுதினார்கள். அறிவியல் பெயர் இருக்கிறது, தோல் இருக்கிறது, அருகிவரும் இனங்களின் பட்டியலில் இடம் இருக்கிறது. விலங்கு இருந்ததா என்பதே கேள்வி.

அதனால் தோல், கொம்பு, படம் கையில் இருந்தால் மட்டும் போதாது. அது எங்கிருந்து வந்தது என்பதும் தெரிய வேண்டும். இதை நான் யாரையும் மட்டம் தட்டச் சொல்லவில்லை. தவறான இனத்தைக் காப்பாற்றப் பணமும் ஆளும் போனால், உண்மையில் அழிகிற இனத்துக்கு இல்லாமல் போகும். அதுதான் எனக்குக் கவலை.

பொதிகைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. உடவளவை யானையைப் பற்றி எனக்குத் தெரியாது, அது என் கேள்வியையே இரண்டாகப் பிரித்துவிட்டது.

நான் இங்கே ஒகாபி என்ற ஆப்பிரிக்கக் காட்டு விலங்கைக் கொண்டுவர ஆசைப்படுகிறேன். ஏனென்றால் கேட்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1890-இல் ஆப்பிரிக்கப் பயணி ஸ்டான்லி, காங்கோ காட்டு மக்கள் கழுதை மாதிரி ஒரு விலங்கைச் சொல்கிறார்கள் என்று போகிறபோக்கில் எழுதினார். உகாண்டாவில் பிரிட்டிஷ் ஆணையராக இருந்த ஹாரி ஜான்ஸ்டனுக்கு அதிலிருந்து ஒரே நினைப்பு. பாரிஸ் கண்காட்சிக்காக ஒரு ஜெர்மானியர் பிடித்துப்போன குட்டையான காட்டுவாசிகளை அவர் மீட்டு ஊருக்குக் கூட்டிப்போனார், வழியில் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். காட்டுக்குள் அவர்கள் அந்த விலங்கின் தடத்தைக் காட்டினார்கள். குளம்பு இரண்டாகப் பிளந்திருந்தது. குதிரைச் சாதி விலங்கைத்தான் தேடுகிறோம் என்று முடிவோடு போன ஜான்ஸ்டன், இவர்கள் வேறு ஏதோ மானின் தடத்தைக் காட்டுகிறார்கள் என்று நம்பாமல் விட்டுவிட்டார். கிடைத்த வரித்தோல் துண்டுகளை லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஸ்கிளேட்டர் 1901-இல் அதைக் குதிரைப் பேரினத்தில் வைத்தே பெயர் சூட்டினார். பிறகு முழுத் தோலும் மண்டை ஓடுகளும் வந்தபோதுதான் தெரிந்தது, அது ஒட்டகச்சிவிங்கியின் சொந்தம். குளம்பு பிளந்ததுதான். அதே வருஷம் லங்கெஸ்டர் 'ஒகாபியா' என்ற பேரினத்தை உருவாக்கினார்.

ஜான்ஸ்டன் விலங்கு இருக்கிறது என்பதை நம்பினார். விவரத்தை நம்பவில்லை. கல்லானையில் நாமும் அதையே செய்கிறோமோ என்று பயம். 'குள்ள யானை உண்டா இல்லையா' என்று மட்டும் கேட்கிறோம். பெரிய கூட்டத்தோடு சேராது என்கிறார்களே, அதைக் குறித்து யாராவது உட்கார்ந்து விசாரித்தார்களா? எந்த மாதத்தில், எந்தப் பாறைப் பக்கம், குட்டியோடு பார்த்தார்களா, எத்தனை ஒன்றாக நின்றன, செத்த உடலைப் பார்த்தவர் உண்டா, தாத்தா காலத்தில் எப்படி. ஒரே ஆளிடம் கேட்காமல் வெவ்வேறு குடியிருப்புகளில் தனித்தனியாகக் கேட்டு எழுதி வைத்தால், விவரங்கள் பொருந்துகின்றனவா என்று தெரிந்துவிடும்.

தடயம் எழுதியது:

அருமை. கேட்பதில் ஒரு எச்சரிக்கை மட்டும். நம் ஆசை அவர்கள் வாயில் புகுந்துவிடக் கூடாது. 'ஐந்தடி யானை பார்த்தீர்களா' என்று கேட்டால் விருந்தாளியை ஏமாற்ற மனமில்லாமல் ஆமாம் என்பார்கள். 'இங்கே என்னென்ன யானை உண்டு' என்று திறந்து கேட்க வேண்டும். படம் காட்டிக் கேட்பதானால் அந்தக் காட்டில் இல்லாத விலங்கின் படத்தையும் நடுவில் வைக்க வேண்டும். அதையும் பார்த்தேன் என்று சொல்பவரின் மற்ற பதில்களுக்கு எடை குறைவு.

படம் காட்டிக் கேட்டது பலித்த இடம் ஆந்திராவில் இருக்கிறது. ஜெர்டன் கல்குருவி என்ற பறவை 1900-க்குப் பிறகு காணாமல் போய், அழிந்தது என்றே எழுதிவிட்டார்கள். பாரத் பூஷண் கடப்பை மாவட்டத்தில் ஊர் ஊராகப் படத்தோடு விசாரித்தார். இது இரவில் திரியும் பறவை என்று சொன்னவர்கள் உள்ளூர் ஆட்கள். 1986 ஜனவரியில் ஒருவர் டார்ச் வெளிச்சத்தில் கையாலேயே பிடித்துவந்தார். பறவையியலாளர்கள் அதைப் பகலில் தேடிக்கொண்டிருந்தார்கள். துயரம் என்னவென்றால் பிடித்த பறவை பிழைக்கவில்லை.

யானைக்கு வருகிறேன். ஆசிய யானையின் முன்னங்கால் தடத்தின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும், களத்தில் எல்லோரும் பயன்படுத்தும் கணக்கு. ஐந்தடி யானை என்றால் சுற்றளவு 75 சென்டிமீட்டர் பக்கம் இருக்கும். அந்த அளவுத் தடம் மட்டுமே உள்ள கூட்டம் ஒன்று, நடுவே பெரிய தடமே இல்லாமல் கிடந்தால் அது கவனிக்க வேண்டிய செய்தி. குட்டிகள் தாய் இல்லாமல் கூட்டமாகத் திரியாது. படத்தில் பார்க்க வேண்டியவையும் உண்டு: வயதான யானைக்குக் காதின் மேல்மடிப்பு அதிகம், நெற்றிப்பொட்டுப் பக்கம் குழி விழுந்திருக்கும், ஆணுக்கு மத நீர் ஒழுகும். ஐந்தடிப் பெண் யானை பால் கொடுக்கிற ஒரு படம் போதும், ஆய்வாளர்கள் யாரும் அதைத் தள்ளிவிட முடியாது.

கடைசியில் தீர்ப்புச் சொல்வது மரபணுதான். போர்னியோ யானைகளைச் சுலு சுல்தானுக்குப் பரிசாக வந்த யானைகளின் வாரிசுகள் என்றே பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2003-இல் இலங்கையின் பிரித்திவிராஜ் பெர்னாண்டோ குழு மரபணு பார்த்து, அவை மனிதர் கொண்டுபோனவை அல்ல, மிகப் பழங்காலத்திலேயே தனியாகப் பிரிந்தவை என்று காட்டியது. யானைச் சாணத்திலிருந்தே மரபணு எடுக்கலாம், விலங்கைத் தொடவே வேண்டாம்.

மதுரைக் கூகை எழுதியது:

இது எனக்குச் சம்மதம். ஆனால் என் பெரிய தடை இன்னும் நிற்கிறது. 2006 முதல் நாலு வருஷத்துக்கு ஒருமுறை நாடு முழுக்கப் புலிக் கணக்கெடுப்பு நடக்கிறது. பேப்பாறைக்கு இந்தப் பக்கம்தான் களக்காடு முண்டந்துறை. மலை முழுக்கத் தானியங்கிக் கேமரா கட்டுகிறார்கள். புலியைவிட யானைதான் அதில் அதிகம் விழும். குட்டியோடு ஒரு குள்ளக் கூட்டம் இருந்தால் இதற்குள் யாராவது பார்த்திருக்க மாட்டார்களா?

சாவோலாவுக்கு வேட்டைக்காரர் வீட்டில் கொம்பு இருந்தது. கல்லானைக்கு ஒரு தாடை எலும்பாவது இருக்க வேண்டும். யானைக்கு வாழ்நாளில் ஆறு தொகுதி கடைவாய்ப் பல் ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஐந்தடி யானையின் தாடையில் கடைசிப் பல் தேய்ந்திருந்தால் அது கிழட்டு யானை என்று எந்தக் கால்நடை மருத்துவரும் சொல்லிவிடுவார்.

பொதிகைச்சாரல் எழுதியது:

கேமரா வாதம் கனமானது, மறுக்க மாட்டேன். கேமராவைப் புலி நடக்கும் பாதைகளில் கட்டுகிறார்கள், காணிகள் சொல்வது பாறைச் சரிவு, அந்த ஒரு இடைவெளிதான் மிச்சம். தனிப்பட்ட முறையில் எனக்கு வன்னிக் குருவி சொன்ன பக்கம்தான் மனது சாய்கிறது: குள்ளமான தனி யானைகள் அவ்வப்போது பிறந்திருக்கலாம், ஒரே குடும்பத்தில் அந்தக் குறைபாடு தொடர்ந்தும் வந்திருக்கலாம். அப்படியே ஆனாலும் காணிகள் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார்கள் என்றுதான் ஆகும். அதைப் பதிவு செய்யும்போது அவர்கள் பெயரும் கட்டுரையில் வர வேண்டும். வழிகாட்டி என்று அடிக்குறிப்பில் போட்டு முடிப்பது நியாயமில்லை.

தாடை எலும்பைப் பற்றிய கேள்வியைச் சேர்த்துக்கொள்கிறேன்.

விலங்கியல் மாணவி எழுதியது:

எங்கள் கல்லூரியிலிருந்து அந்தப் பக்கம் களப்பயணம் போகும் யோசனை இருக்கிறது. யானைச் சாணம் கிடைத்தால் எதில் எடுத்து வைக்க வேண்டும் அண்ணா?

தடயம் எழுதியது:

எடுக்காதீர்கள் அம்மா. சரணாலயத்துக்குள் சாணமோ முடியோ எலும்போ எடுக்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். கல்லூரி வழியாக முதலில் வனத்துறைக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். அனுமதி கிடைத்தால் ஆய்வகத்தில் சொல்லும் முறைப்படி, ஆல்கஹாலிலோ சிலிக்கா ஜெல்லிலோ வைக்கலாம். புதுச் சாணத்தின் மேல்பரப்பிலிருந்து எடுக்க வேண்டும், குடலின் செல்கள் அங்கேதான் ஒட்டியிருக்கும்.

உள்ளே போக அனுமதி வாங்கிய பிறகு, எதையும் எடுக்காமலே செய்யக்கூடியது படம். தடத்துக்குப் பக்கத்தில் அளவுகோலை வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். முன்னங்காலா பின்னங்காலா என்று குறியுங்கள், முன்னங்கால் தடம் வட்டமாகவும் பின்னங்கால் தடம் கொஞ்சம் நீள்வட்டமாகவும் இருக்கும். நூல் சுற்றிச் சுற்றளவு எடுங்கள். சாண உருண்டையின் விட்டத்தையும் அளந்துகொள்ளுங்கள், அதுவும் வயதைக் காட்டும். தேதி, நேரம், கூட இருந்த காணிப் பெரியவர் என்ன சொன்னார் என்பதை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள்.

இடத்தை மட்டும் இணையத்தில் போடாதீர்கள். சாவோலா காப்பகங்களில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்ணிகளைக் காவலர்கள் பிடுங்கி எடுத்திருக்கிறார்கள். அபூர்வ விலங்கு எங்கே என்று தெரிந்தால் நாம் மட்டும் போக மாட்டோம்.